வேலிக்கு வெளியே அடையாறு

(நதி மீட்பும் நகர நிலமும் குறித்த பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சென்னையில் அடையாறு கடல் சேரும் இடத்தைச் சுற்றி வந்தால், இந்த நகரத்தில் நிலம் எத்தனை விதமாகக் கைக்கொள்ளப்பட்டிருக்கிறது என்பது ஒரே நடையில் தெரிந்துவிடும். தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம்; 1882-ல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் வாங்கிய பங்களாவில் தொடங்கி 250 ஏக்கருக்கு மேல் விரிந்தது. அதை அடுத்துக் கடலோரமாக ஊரூர் குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம். வடகரையில் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு, அதையொட்டிப் பட்டினப்பாக்கத்தின் வாரியக் கட்டடங்கள். கொஞ்சம் உள்ளே வந்தால் எம்.ஆர்.சி. நகரின் அடுக்குமாடிகளும் நட்சத்திர விடுதியும் திருமண மண்டபங்களும். குயிபிள் தீவில் கல்லறைத் தோட்டம். 2000-ல் திறக்கப்பட்ட அம்பேத்கர் மணிமண்டபம். கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களின் பங்களாக்கள். இத்தனைக்கும் நடுவே, வேலி போட்டுப் பூட்டிய 58 ஏக்கர் நீரும் மரமும்: அதுதான் தொல்காப்பியப் பூங்கா.

கழிமுகமும் அதன் வடக்கே வளைந்து ஓடும் உப்பங்கழியும் சேர்த்து மீட்க வேண்டிய பரப்பு 358 ஏக்கர் என்று கணக்கிடப்பட்டது. 2006-ல் அடையாறு பூங்கா அறக்கட்டளை என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. அதுவே பின்னர் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழு திட்டம் வகுத்தது. முதல் கட்டமாக 58 ஏக்கரில் வேலை முடிந்து, 2011 ஜனவரியில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். எஞ்சிய 300 ஏக்கர், அதாவது தீவுத் திட்டுகளும் ஆற்றின் வாயும், அடுத்த கட்டம்.

செய்த வேலையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அந்த இடம் கட்டட இடிபாடு கொட்டும் பள்ளமாக இருந்தது. சாக்கடை நேராக வந்து விழுந்தது. சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. இடிபாட்டையும் சேற்றையும் அள்ளி, நீர் தங்கும் பள்ளங்களை ஆழப்படுத்தி, கரையில் அலையாத்தி வகைகளையும் மேட்டில் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களையும் நட்டார்கள். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் திரும்பின. திறந்த புதிதில் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியவில்லை. குறித்த நாட்களில், வழிகாட்டியோடு, பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள் குழுவாக. பறவைக்கு அது நல்லது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அது இன்னொரு மதில்.

பூங்காவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்றைய பேச்சு அந்த மதிலுக்கு வெளியே உள்ள நிலத்தைப் பற்றியது. ஏனென்றால் உள்ளே நடப்பதை வெளியேதான் தீர்மானிக்கிறது. உப்பங்கழி என்பது கடல்நீர் ஏறி இறங்கும் இடம். ஏற்றநீர் பூங்காவுக்குள் வர வேண்டுமென்றால் சாந்தோம் சாலையைத் தாண்டி வர வேண்டும். சாலைக்கு அடியில் இருந்தவையோ குறுகலான பழைய குழாய்கள். நட்ட மரத்துக்கு உப்பு நீர் கிடைக்குமா என்பதை அந்தக் குழாயின் விட்டம் முடிவு செய்தது. அதை அகலப்படுத்தும் வேலையும் பின்னால் எடுத்துக்கொள்ளப்பட்டது. சாலை போட்ட துறைக்கு அலையாத்தியைப் பற்றிக் கவலை இருந்திருக்காது. இருந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

குழாயைத் தாண்டினால் முகத்துவாரம். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த ஆற்றின் நாடித்துடிப்பு இங்கேதான். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கத்தின் வேறுபாடு சிறியது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர். அலையோ ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. துறைமுகம் கட்டியபின் மெரினா அகலமானதும், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இந்த மணலோட்டத்தால்தான். இதே மணல் அடையாற்றின் வாயிலும் வந்து படிகிறது. ஆற்றில் வெள்ளம் இருந்தால் மணலை வெளியே தள்ளும். வெள்ளம் வற்றினால் மணல் திட்டு வாயை அடைக்கும். வாய் அடைந்தால் ஏற்றநீர் உள்ளே வராது. உள்ளே தேங்குவது நகரத்தின் கழிவுநீர் மட்டும். கோடையில் நீர்வளத் துறை பொக்லைன் வைத்துத் திட்டை வெட்டிவிடும். சில வாரத்தில் கடல் மறுபடி மூடும்.

சீனிவாசபுரத்திலும் ஊரூரிலும் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்தது அல்ல. மடவை கடலில் முட்டையிட்டு, குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கும். இறாலும் அப்படித்தான். வாய் திறந்திருக்கும் மாதங்களே அந்தக் குஞ்சுகளுக்கு வழி. ஆக முகத்துவாரம் எப்போது திறந்திருக்கிறது என்பது பறவை ஆர்வலருக்கு ஒரு குறிப்பு, வலைக்காரருக்கு வருமானம். வாயை எந்த மாதம், எந்த இடத்தில் வெட்டினால் நிலைக்கும் என்பதில் தலைமுறைகளாக அங்கே நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மீட்புத் திட்டத்தில் அவர்களுக்கு எழுதி வைக்கப்பட்ட இடமோ பெரும்பாலும் பயனாளி அல்லது இடைஞ்சல், இரண்டில் ஒன்று.

இனி மேலே போவோம். அடையாறு 42 கிலோமீட்டர் நீளமுள்ள சின்ன ஆறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, தாம்பரத்தை ஒட்டி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியையும் வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வருகிறது. உண்மையில் இது ஏரிகளின் உபரி ஓடும் வடிகால். ஒரு ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு, அது நிறைந்து ஆற்றுக்கு என்று போகிற ஏற்பாடு. ஏரி மனையானால், ஏரி பிடித்து வைத்திருந்த நீர் அதே மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் தாங்க முடியாத வெள்ளம், கோடையில் ஒரு சொட்டு நல்ல நீர் இல்லை: இரண்டுக்கும் ஒரே காரணம். கோடையில் ஆற்றில் ஓடுவதாகத் தெரிவது நெசப்பாக்கம் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வருவதும், சுத்திகரிக்கப்படாமலே மழைநீர் வடிகால்களில் கள்ளத்தனமாக வந்து விழுவதும்தான்.

2015 டிசம்பர் 1 இரவை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டது என்பதை அன்றுதான் பலர் கவனித்தார்கள். இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொல்லிற்று; ஏரியின் நீர்த்திறப்பைக் கையாண்ட விதத்தைக் குறை கூறிற்று.

மனிதர் உண்டாக்கியது சரி, எந்த மனிதர்? வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே நடந்ததில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் கரையோரங்களில் இருந்த குடிசைகள் அகற்றப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பப்பட்டன. பள்ளி ஆண்டின் நடுவில். பிறகு ஆறு முழுவதையும் சீரமைக்கும் பெரிய திட்டம் வந்தபோது, அடையாற்றின் கரையில் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்ற வேண்டியவர்களாகக் கணக்கெடுக்கப்பட்டார்கள். அந்த வேலை இன்னும் ஓயவில்லை. 2025 மே மாதத்தில் அனகாபுத்தூரில் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிபட்டன.

வெள்ளம் வரும் கரையில் குடிசை இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆற்றின் படுகையில் உயிரைப் பணயம் வைத்து யாரும் வாழக்கூடாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: கொண்டுபோய் விட்ட இடம் எது? பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தெற்கே, தண்ணீர் இயல்பாகவே வந்து தங்கும் தாழ்வான பகுதியில் இருக்கின்றன. 2022-ல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அதே சதுப்பு நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பக்கம் மறுபடி மூழ்கிற்று. ஒரு நீர்நிலையை மீட்பதற்காக அகற்றப்பட்டவர்கள் இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் அடுக்கப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களைக் கட்டிய அரசு வாரியத்தை ஆக்கிரமிப்பாளர் என்று எந்தப் பதிவேடும் குறிப்பதில்லை.

இந்த மறுகுடியமர்வுப் பகுதிகளில் கண்ணகி நகர் 2000-ல் தொடங்கியது. பின் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்களில். சுவர் கெட்டி, குடிசையைவிட நிச்சயம் கெட்டி. போனதோ வேறு. கோட்டூர்புரத்தில் வீட்டுவேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை நடக்கும் தூரத்தில் இருந்தது. காலையில் ஒரு வீடு, பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு வீடு. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனபின் இரண்டு பேருந்து, இரண்டு மணி நேரம், ஒரு வீடு. வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் கண்ணகி நகர் என்ற முகவரியைச் சொல்லத் தயங்குவதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள்.

இனி காகிதங்களுக்கு வருவோம். இந்த விவகாரத்தில் எல்லாம் முடிவாவது அங்கேதான்.

தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் 1971-ல் வந்தது. அதன் முந்தைய ஆண்டே குடிசை மாற்று வாரியம் அமைந்துவிட்டது. (2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று, பெயர் மாற்றுவதில் நமக்கு எப்போதும் வேகம்தான்.) சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால், அங்குள்ளவர்களுக்குச் சில பாதுகாப்புகள் உண்டு: குடிநீர், விளக்கு, முன்னறிவிப்பின்றி அகற்றக்கூடாது. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிதாக ஒன்றுகூட இல்லை. நகரம் பெருகிற்று, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் பெருகவில்லை. பட்டியலில் இல்லாதவர் ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர். புறம்போக்கில் இருப்பவருக்கு ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் மின் இணைப்பும் கொடுக்கலாம். ஆற்றை மீட்கும் நாள் வந்தால் அவை எதற்கும் உதவாது.

மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்னதைச் சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதே நாளில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பெயர் பெற்ற அதே சந்துருதான்.

அடுக்குமாடியின் காகிதம் வேறு வகை. அதற்குப் பட்டா இருக்கிறது, திட்ட அனுமதி இருக்கிறது, கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சான்று இருக்கிறது. அந்த விதிகள் 1991-ல் வந்தன. 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்டன. ஏற்றநீர் புகும் ஓடைகளின் கரையில் கட்டுப்பாட்டு எல்லை 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. 2019-ல் அந்த 100 மீட்டர் 50 ஆயிற்று. ஆற்றங்கரையில் கட்டுவதற்கான தூரம் காகிதத்திலேயே பாதியாகக் குறைந்த அந்த ஆண்டுகளில்தான், கரையோரக் குடிசைகளை அளந்து எண் போடும் வேலையும் நடந்தது.

கேரன் கோயல்ஹோவும் நித்யா ராமனும் 2010-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் கூர்மையாக எடுத்துவைத்தது. சென்னை நீர்வழிகள் சீரழிந்ததற்குக் குடிசைகள் பழி சுமக்கின்றன, அரசும் தனியாரும் கட்டிய பெரிய கட்டடங்கள் கணக்கில் வருவதில்லை என்பது அவர்கள் வாதம். பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே தூண்கள் இறக்கிப் பறக்கும் ரயில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு மறுக்க முடியாத வாதம்.

பிரம்மஞான சபையின் தோட்டத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். தென்கரையில் மரமும் பறவையும் இன்றும் இருப்பதற்குக் காரணம் எந்த மீட்புத் திட்டமும் இல்லை. ஒரே உரிமையாளர் ஏறத்தாழ 140 ஆண்டு விற்காமல் வைத்திருந்தார், அவ்வளவே. வடகரையில் அப்படி ஒருவர் இல்லை. அங்கே இருந்தது பொது நிலம். பொது நிலம் என்றால் மணிமண்டபத்துக்கும் கேட்கலாம், சாலைக்கும் கேட்கலாம், குப்பைக்கும் கேட்கலாம். நுகர்வோர் அமைப்புகளும் சூழல் ஆர்வலர்களும் நீதிமன்றம் போய்த்தான் உப்பங்கழியில் எஞ்சியதைக் காப்பாற்றினார்கள். வேலி போட்டதற்கு எதிராகப் பேசுவது சுலபம். வேலி போடாமலிருந்தால் அந்த 58 ஏக்கரில் இன்று என்ன நின்றிருக்கும் என்று எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும்.

இது சென்னைக்கு மட்டும் நேர்ந்ததா? தென்கொரியாவின் சியோல் நகரில் 2003-க்கும் 2005-க்கும் இடையே மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் புதைந்திருந்த சொங்கேச்சொன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்கு வெளியே கொண்டுவந்தார்கள். நகரச் சீரமைப்பு மாநாடுகளில் அந்தப் படத்தைக் காட்டாதவர் இல்லை. அந்தச் சாலையோரத்தில் கடை போட்டிருந்தவர்கள் பழைய தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட, மறுபடி மாற்றப்பட்டார்கள். ஓடையில் ஓடும் நீரோ பெரும்பாலும் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது. இதற்காக அந்த வேலை வீண் என்று சொல்லிவிட முடியாது. மாநாட்டுப் படத்தில் கடைக்காரர்கள் இல்லை என்பதையும் மறக்க முடியாது.

அடையாற்றில் அடுத்துச் செய்ய வேண்டியதில் மரம் நடுவது சிறிய பகுதி. மழைநீர் வடிகாலில் விழும் கழிவுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பது பெரிய பகுதி. அதில் குடிசைக் குழாய் சில, அடுக்குமாடிக் குழாய் பல, அரசு அலுவலகக் குழாயும் உண்டு. மேலே ஏரிகளின் கலங்கலையும் கால்வாயையும் மீட்காமல் கீழே முகத்துவாரத்தை வெட்டிக்கொண்டிருப்பது ஆண்டுதோறும் செலவு. கரையிலிருந்து நகர வேண்டியவர்களுக்கு நடக்கும் தூரத்தில் வீடு கொடுப்பது முடியாத காரியம் இல்லை. பட்டினப்பாக்கத்திலும் நகருக்குள் வேறு பல இடங்களிலும் வாரியம் 1970-களில் செய்ததே அதுதான். அன்று நகருக்குள் நிலம் மலிவாக இருந்தது என்பார்கள். இருக்கலாம். அன்று குடிசைவாசிகளின் வாக்கும் நகருக்குள் தேவைப்பட்டது.

குப்பங்களுக்கு வரும்போது நிலைமை இன்னும் சிக்கல். படகு நிறுத்தும் மணலுக்கும் வலை காயும் இடத்துக்கும் யாரிடமும் பட்டா இல்லை, வழக்கம்தான் உரிமை. 2011 கடலோர விதிகள் மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் அவர்கள் பயன்படுத்தும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லின. குறிக்காத மணல், வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்குக் காலி மணல்.

அப்படிக் காலியாகத் தெரிந்த இடங்களில் ஒன்று முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலம். மீனவர்கள் ஆற்றைக் கடந்து சாந்தோம் பக்கமும் பெசன்ட் நகர்ப் பக்கமும் போய்வர 1967-ல் கட்டியது. 1977-ல் வெள்ளத்தில் ஒரு பகுதி விழுந்தது. நடந்து போனவர்களுக்காக அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. சினிமாக்காரர்கள்தான் படம்பிடிக்கப் போனார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, சாந்தோமிலிருந்து பெசன்ட் நகருக்குக் கார்கள் நெரிசலின்றிப் போக அதே தடத்தில் பாலமும் கடற்கரைச் சாலையும் போடலாம் என்ற யோசனை மறுபடி மறுபடி வந்தது. அந்த மணலில் குளிர்காலத்துக்குப் பின் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஊரூர்க் குப்பத்தின் படகுகளும் வலைகளும் அங்கேதான் கிடக்கின்றன. முதல் பாலம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் குப்பத்தார் இரண்டாவது பாலம் வேண்டாம் என்று எதிர்த்து நிற்கிறார்கள்.